தலைவலி எத்தனை மணிக்கு வந்தது?

தலைவலி என்று மருத்துவரிடம் போனால் "எங்கே வலிக்குது?" என்பார், "எப்படி வலிக்குது?" என்பார். இந்த இரண்டுக்கும் பதிலோடுதான் போவோம். நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டி, விண் விண்ணென்று தெறிக்கிறது என்போம். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? அப்ப தூங்கிக்கிட்டு இருந்தீங்களா, முழிச்சிருந்தீங்களா?" என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் முழிப்போம். பல வருடம் ஒற்றைத் தலைவலியோடு குடித்தனம் நடத்தியவன் நான். முதல் முறை இதைக் கேட்டபோது எனக்கும் பதில் தெரியவில்லை. வலி வந்ததும் மாத்திரையைத் தேடுவோம். மணியை யார் பார்க்கிறார்கள்?

ஆனால் தூக்கத்துக்கும் தலைவலிக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலைப் பிடிக்க அந்த மணிதான் நல்ல கொக்கி. "சரியாத் தூங்கலைன்னா தலை வலிக்கும்" என்பது எல்லோருக்கும் தெரிந்த பாதி. அளவுக்கு மீறித் தூங்கினாலும் வலிக்கும். நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பிவிட்டு வரும் தலைவலி உண்டு. ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் தீர்ந்துபோகும் தலைவலியும் உண்டு. இத்தனைக்கும் ஒரே விளக்கம் கிடையாது. அதனால் மூளைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு இரவின் கடிகாரத்தோடு நடந்து போவோம்.

ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம்

மூளைக்குத் தன்னளவில் வலி தெரியாது. நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையில் அறுவை சிகிச்சை செய்ய முடிவது அதனால்தான். வலிப்பதெல்லாம் மூளையைப் போர்த்தியிருக்கும் உறை, அதில் ஓடும் ரத்தக் குழாய்கள், தலையையும் கழுத்தையும் சுற்றியுள்ள தசைகள். முகத்திலிருந்தும் மூளையுறையின் பெரும்பகுதியிலிருந்தும் வலிச் செய்தியைச் சுமந்து வருவது ட்ரைஜெமினல் என்ற முக்கிளை நரம்பு. அது மூளைத்தண்டில் வந்து சேருகிறது. அங்கே ஒரு வாயிற்காவல் இருக்கிறது. வந்த செய்தியை அப்படியே மேலே அனுப்புவதா, அடக்கி அனுப்புவதா என்பது அங்கே முடிவாகிறது.

நம்மைத் தூங்க வைப்பதும் எழுப்புவதும் யார் என்று தேடிப் போனால், அதே மூளைத்தண்டிலும் அதற்குச் சற்று மேலே இருக்கும் ஹைபோதலாமஸிலும்தான் போய் நிற்போம். உடலின் 24 மணி நேரக் கடிகாரம் ஹைபோதலாமஸில் இருக்கிறது. விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஆரெக்சின் என்ற பொருளும் அங்கேதான் சுரக்கிறது. 1998-இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த ஆரெக்சினுக்கு வலியைக் கூட்டிக் குறைப்பதிலும் கை இருக்கிறது. மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருளின் கதையும் அதுவே. தூக்கத்திலும் பங்கு, ஒற்றைத் தலைவலியிலும் பங்கு. தூக்கமும் வலியும் ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சண்டை நடந்தால் மறு பக்கம் தூங்க முடியாது.

இந்த உறவு மரபணு வரைக்கும் போகிறது. சில குடும்பங்களில் சாயங்காலமே கண் சொக்கிவிடும், விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடும். உடல் கடிகாரம் முன்கூட்டியே ஓடும் பிறவி இயல்பு அது. அப்படிப்பட்ட இரண்டு குடும்பங்களில், கடிகாரத்தை ஓட்டும் ஒரு மரபணுவில் பிழை இருந்தவர்களிடம் ஒற்றைத் தலைவலியும் சேர்ந்தே இருந்ததை 2013-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அரிதான குடும்பங்கள்தான். ஆனாலும் கடிகாரமும் தலைவலியும் ஒரே கம்பியில் கட்டப்பட்டிருப்பது அதில் தெரிந்தது.

தூக்கம் குறைந்தால் அந்த வாயிற்காவல் தளர்ந்துபோகிறது. ஒரு இரவு தூங்கவிடாமல் வைத்துவிட்டு மறுநாள் தோலில் சூடோ அழுத்தமோ கொடுத்துப் பார்த்தால், நேற்று தாங்கிய அளவையே இன்று வலி என்கிறார்கள். இதைச் சோதனைக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

அம்பு இரண்டு பக்கமும் பாய்கிறது என்பதற்கு நார்வே நாட்டில் கிடைத்த சான்று எனக்குப் பிடித்தமானது. அங்கே ஒரு மாவட்டத்தின் மக்களை ஏறக்குறைய 11 ஆண்டு இடைவெளியில் இருமுறை கேட்டார்கள். முதல் முறை தலைவலி இல்லாமல் தூக்கமின்மை மட்டும் இருந்தவர்களுக்குப் பிற்பாடு தலைவலி வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. தலைவலி மட்டும் இருந்தவர்களுக்குத் தூக்கமின்மை வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. எது முதலில் வந்தது என்று அடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. எந்தப் பக்கம் பிடி கிடைக்கிறதோ அந்தப் பக்கம் பிடிக்க வேண்டியதுதான்.

இரவு 11-க்குப் படுத்தவர்

இவர் படுத்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு பக்கக் கண்ணுக்குப் பின்னால் கம்பியைச் செருகியது போல வலி கிளம்பி அவரை எழுப்புகிறது. அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் கொட்டுகிறது, அந்தப் பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொள்கிறது. படுத்திருக்க முடியாமல் எழுந்து அறைக்குள் நடக்கிறார், சிலர் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வார்கள். கால் மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை ஆட்டிவைத்துவிட்டு வலி போய்விடும். மறுநாள் இரவு, கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு மறுபடி வரும். இதுதான் கிளஸ்டர் தலைவலி, கொத்துத் தலைவலி என்றும் எழுதுகிறார்கள். வாரக்கணக்கில் கொத்தாக வந்துவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போவதால் இந்தப் பெயர். இவ்வளவு நேரம் தவறாமல் வருகிறதே, கடிகாரம் இருக்கும் இடத்தில் ஏதோ நடக்கிறது என்று மருத்துவர்கள் முன்பே சந்தேகப்பட்டார்கள். 1998-இல் வலி நடக்கும்போதே எடுத்த மூளைப் படங்களில் ஹைபோதலாமஸ் பகுதி கிளர்ந்திருப்பது தெரிந்தது. சாதாரண வலி மாத்திரை இதற்கு எடுபடாது. அது வேலை செய்யத் தொடங்கும் முன்பே வலி உச்சத்துக்குப் போய்விடும். முகமூடி வழியே தூய ஆக்சிஜனை வேகமாகக் கொடுப்பது இதற்கான முதல் சிகிச்சைகளில் ஒன்று. சைனஸ் என்றும் பல்வலி என்றும் நினைத்து வருடக்கணக்கில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். மணியைக் கேட்டிருந்தால் அந்த அலைச்சலில் பாதி மிச்சம்.

இன்னொன்று, 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது. அலாரம் வைத்தது போல இரவில் எழுப்பிவிடும். ஆனால் கண்ணீர் இல்லை, மூக்கடைப்பு இல்லை, எழுந்து உலாத்த வேண்டிய தவிப்பும் இல்லை. தூக்கத்தில் மட்டுமே தொடங்கும், விழித்திருக்கும்போது வராது. ஹிப்னிக் தலைவலி என்று பெயர்; 1988-இல்தான் முதன்முதலாக மருத்துவ இதழில் எழுதப்பட்டது. இதற்கு மருத்துவர்கள் சொல்லும் மருந்துகளில் ஒன்று, படுக்கப்போகும் முன் காஃபீன்! தூக்கத்தைக் கெடுக்கும் என்று ஊரெல்லாம் சொல்லும் பொருளைக் குடித்துவிட்டுப் படுத்தால் இவர்களில் பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இது அரிதான நோய் என்பதால், நடுராத்திரியில் தலைவலித்து எழுகிற எல்லோரும் காபியைக் கையில் எடுத்துவிடக் கூடாது. 50-க்கு மேல் புதிதாக ஆரம்பிக்கும் எந்தத் தலைவலியையும் முதலில் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

விடியக்காலை

நாலு மணிக்கு மேல் ஒற்றைத் தலைவலியின் நேரம். பகலில் எப்போது வேண்டுமானாலும் வரக்கூடியதுதான் என்றாலும், விடியலுக்குச் சற்று முன்பிருந்து காலை ஒன்பது வரையிலான நேரத்தில் தொடங்குவது அதிகம். தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கண்கள் மூடிய இமைக்குள் உருளும் கனவுத் தூக்கம் வரும். இரவின் கடைசிப் பகுதியில் அந்தக் கனவுத் தூக்கம் நீளும், உடலின் சுரப்புகளும் விழிப்பை நோக்கி மாறும். இந்த மாறுதல் நேரத்தில்தான் வலி உள்ளே நுழைகிறது. இதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஒற்றைத் தலைவலி மாத்திரையை ஆரம்பத்திலேயே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். தூக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டால், கண் திறக்கும்போது வலி பாதி தூரம் போயிருக்கும்.

கண் விழித்ததும் தலை பாரமாக, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தது போல இருக்கிறது; குமட்டல் இல்லை, வெளிச்சம் உறுத்தவில்லை; பல் துலக்கி, குளித்து, வேலையைப் பார்க்கத் தொடங்கியதும் தானாகவே போய்விடுகிறது; மாதத்தில் பாதி நாளுக்கு மேல் இதே கதை என்றால் குறட்டையைப் பற்றிக் கேட்க வேண்டும். தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று போவதை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் 10 விநாடியாவது நிற்கும். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் இப்படி நடந்தாலே அது கணக்கில் வரும். மோசமானவர்களுக்கு மணிக்கு 30 முறையையும் தாண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, கரியமில வாயு கூடுகிறது, கூடிய வாயு மூளையின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. போதாக்குறைக்கு, மூச்சு நின்ற ஒவ்வொரு முறையும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. படுத்தவருக்கு இது எதுவும் தெரியாது. "நான் எட்டு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்றுதான் சத்தியம் செய்வார். பக்கத்தில் படுத்தவருக்குத்தான் தெரியும்: உறுமல் போல ஏறி வந்த குறட்டை திடீரென்று நிற்கும், அறை நிசப்தமாகும், உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் ஒரு பெரிய மூச்சிரைப்போடு மறுபடி ஆரம்பிக்கும்.

இது தலைவலியோடு நிற்பதில்லை. ரத்த அழுத்தம், இதயம், வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது என்று பெரிய வில்லங்கம் எல்லாம் பின்னால் வரும். இரவு முழுக்கக் கருவிகளைப் பொருத்திப் பார்க்கும் தூக்கப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். காற்றை மெல்லிய அழுத்தத்தில் மூக்கு வழியே செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் சிபாப் கருவியை ஆஸ்திரேலியரான காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தினார். அதைப் போட்டுத் தூங்கத் தொடங்கியபின் பலருக்குக் காலைத் தலைவலியே நின்றுவிடுகிறது. குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது வரும் என்று நினைத்துவிடாதீர்கள். தாடை அமைப்பினால் ஒல்லியானவர்களுக்கும் வரும்.

காலை வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குத் தாடையும் நெற்றிப்பொட்டும் வலிக்கும். பல் மருத்துவர் பல்லின் தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மாத்திரைகளும் காரணமாகலாம். பாரசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகையையோ பல மருந்து கலந்த கூட்டு மாத்திரையையோ 10 நாளுக்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். இரவெல்லாம் மாத்திரை இல்லாமல் இருந்த உடம்பு விடிந்ததும் கேட்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

எனக்கு மிகவும் பழக்கமான வலி இது. ஐந்து நாளும் ஆறு மணிக்கு எழுந்து ஓடியாயிற்று, தலை ஒன்றும் செய்யவில்லை. விடுமுறை நாளன்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பத்து மணி வரை தூங்குகிறோம். எழுந்தால் நெற்றிப்பொட்டு தெறிக்கிறது. ஓய்வெடுத்ததற்குத் தண்டனையா என்று கோபம் வரும்.

நாலு மணி நேரம் தள்ளி எழுந்தது உடல் கடிகாரத்துக்கு வேறு நாட்டுக்கு விமானத்தில் போய் இறங்கியது போல. சாப்பாட்டு நேரமும் தள்ளிப்போகிறது. பசியும் ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும். வாரம் முழுவதும் இருந்த பதற்றம் சட்டென்று தளர்வதும் சிலருக்கு வலியைக் கூப்பிடும். இவற்றோடு காபியும் சேர்ந்துகொள்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது சேரச் சேரத் தூக்கம் வரும். அடினோசின் உட்காரும் நாற்காலியில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்வதால்தான் சுறுசுறுப்பாக இருக்கிறோம். தினமும் குடிப்பவர்களின் மூளை கூடுதலாக நாற்காலிகளைப் போட்டுவைத்திருக்கும். வழக்கமான நேரத்தில் காபி வராவிட்டால் அத்தனை நாற்காலியிலும் அடினோசின் ஏறி உட்காரும், ரத்தக் குழாய்கள் விரியும், தலை வலிக்கும். ஆறரை மணிக் காபி பத்தரைக்குப் போனால் நடப்பது இதுதான். நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்கு மேல் பழகியவர்களுக்கு நிறுத்திய 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரலாம். முழுக்க விட்டுவிட்டால் ஒரு வாரத்துக்குள் அது அடங்கிவிடும். சாயங்காலக் காபியின் கணக்கு வேறு. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போலப் பிடிக்கும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினோரு மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

தூங்கினால் தீரும் வலியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒற்றைத் தலைவலி வந்த குழந்தை இருட்டறையில் படுத்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஒன்றுமே நடக்காதது போல விளையாடப் போவதைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களிலும் பலருக்கு அப்படித்தான். வலி வந்தபோது தூங்குவது மருந்து. வலி வந்துவிடுமோ என்று பயந்து தினமும் மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவது, இரவுத் தூக்கத்திடமிருந்து கடன் வாங்குவது.

என்ன செய்யலாம்

எவ்வளவு நேரம் தூங்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம், 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து. தலைவலிக்காரர்களுக்கு இந்த எண்ணைவிட, எழும் நேரம் முக்கியம் என்பது என் எண்ணம். படுக்கும் நேரம் நம் கையில் இல்லை, தூக்கம் வந்தால்தான் உண்டு. எழும் நேரத்தை மட்டும் விடுமுறை நாளிலும் அரை மணி, ஒரு மணிக்கு மேல் தள்ளாமல் பிடித்து வைத்தால், படுக்கும் நேரம் கொஞ்ச நாளில் தானாக வழிக்கு வரும்.

மாதத்தில் பாதி நாளுக்கு மேல் தலைவலி இருந்த 43 பெண்களிடம் தூக்கப் பழக்கத்தை மட்டும் மாற்றிப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2007-இல் வந்தது. தினமும் ஒரே நேரத்தில் எட்டு மணி நேரம் படுக்கையில் இருப்பது, படுக்கையில் டிவியும் புத்தகமும் கூடாது, இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு நாலு மணி நேரம் முன்பே முடிப்பது, பகல் தூக்கத்தை விடுவது என்று சாதாரணமான விஷயங்கள்தான். அப்படி மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தலைவலி அவ்வப்போது வருவதாகக் குறைந்தது. ஆய்வு சின்னது, அதை வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை. செலவில்லாதது, பக்கவிளைவில்லாதது என்பதால் முயன்று பார்க்கலாம்.

மாதக்கணக்கில் தூக்கமே வராதவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது மாத்திரை அல்ல, பேச்சும் பயிற்சியும் கலந்த சிகிச்சை. தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து வேறு அறைக்குப் போய் உட்காரச் சொல்வார்கள். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிவிடக் கூடாது என்பதற்காகத்தான். தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவது குறட்டைக்காரர்களுக்கு ஆபத்து. சில மாத்திரைகள் மூச்சை இன்னும் அடக்கும். அதிகாலையிலேயே விழிப்பு, மனத்தில் வெறுமை, கூடவே தலைவலி என்றால் மனச்சோர்வையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சில வலிகளுக்கு இந்தக் கட்டுரையெல்லாம் உதவாது, உடனே மருத்துவமனைதான். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் இடி போன்ற வலி; காய்ச்சலோடு கழுத்து விறைத்துக்கொள்வது; பேச்சுக் குழறல், கை கால் தளர்வு, பார்வை மங்குவது; படுத்தாலும் இருமினாலும் கூடுகிற, காலையில் வாந்தியோடு வருகிற, நாளுக்கு நாள் வளர்கிற வலி. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே காலையில் தலைவலியும் குமட்டலும் என்றால், மூடிய அறையில் அடுப்போ ஜெனரேட்டரோ இரவெல்லாம் எரிந்ததா என்று பாருங்கள். மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். முதலில் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நான் வைத்திருப்பதில் ஒரு வரி இப்படி இருக்கும்: "படுத்தது 11.40, எழுந்தது 6.10, நடுவில் ஒரு விழிப்பு. வலி 5 மணி வாக்கில், இடது பக்கம். மாத்திரை ஒன்று. நேற்று மாலை ஓயாத கொட்டாவி." கடைசிச் சொல்லை ஆரம்பத்தில் நான் எழுதவே இல்லை. ஒற்றைத் தலைவலி வருவதற்குப் பல மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தின நாளே, கொட்டாவியும் அசதியும் எரிச்சலும் வரும் என்று படித்தபின்தான் சேர்த்தேன். அப்போதிருந்து ஒரு சந்தேகம் எனக்கு. "நேத்து சரியாத் தூங்கல, அதான் தலைவலி" என்று நான் பழி போட்ட பல இரவுகளில், தூக்கம் கெட்டதே வலியின் முதல் காட்சியாக இருந்திருக்கலாம்.

நாலு வாரம் எழுதினால் மருத்துவருக்குப் போதுமான அளவு கிடைத்துவிடும். வலி இருக்கும்போது திரையைப் பார்க்க முடியாது என்பதால் செல்போன் செயலியைவிடக் காகிதம் நல்லது. குறட்டைக்கு ஒரு கட்டம் போட்டு வையுங்கள். அதை மட்டும் உங்களால் நிரப்ப முடியாது. பக்கத்தில் படுப்பவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.